பட்டறையில் நிற்கும் வண்டியா, சேறு பட்ட வண்டியா?

என் வண்டியின் டேஷ்போர்டுப் பெட்டியில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, டீசல் போட்ட கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு மழை நாளில் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது முந்தைய பதினான்கு மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். பட்டறையில் வண்டி நின்ற நாட்கள் 61. காட்டுப்பாதையில் ஓடிய நாட்கள் 9. அந்த ஒன்பதிலும் இரண்டு, புதிதாகப் போட்ட சாமான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவை.

கரடுமுரடான பாதையில் ஓட்டவென்று ஃபோர் வீல் டிரைவ் வாங்கிய பலருக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் வரும். வாங்கிய வாரமே கை துறுதுறுக்கும். பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், இரும்பு பம்பர் என்று மனசு ஓடும். "இது இல்லாமலா ஓட்டுகிறீர்கள்?" என்று யாராவது கேட்டுவிட்டால் கதை முடிந்தது. மாற்றுவதில் தப்பே இல்லை, எனக்கும் ஸ்பானர் பிடிக்கப் பிடிக்கும். ஆனால் இருப்பது ஒரு வண்டி, ஒரு பர்ஸ், வாரத்துக்கு ஒரு விடுமுறை நாள். அதை எதற்குக் கொடுப்பது?

வழக்கமாகப் போகும் வழிகள் நான்கு. வந்தபடியே ஓட்டுவது, ஒரே மூச்சில் கட்டி முடிப்பது, ஓட்டிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது, ஆலையிலேயே தயாராக வந்ததை வாங்குவது. வசதி இருந்தால் இரண்டு வண்டி என்ற ஐந்தாவதும் உண்டு. முதல் மூன்றில் நானே போய்ப் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டையும் கூட வருகிற நண்பர்களிடம் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வந்தபடியே ஓட்டுவது

"ஒன்றும் செய்யாதே" என்பது கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஆலையிலிருந்து வந்த வண்டியின் திறனில் எவ்வளவு கொஞ்சத்தை நாம் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். 2018-இல் வந்த சுசுகி ஜிம்னியின் மூன்று கதவு வண்டிக்கு எதையும் மாற்றாமலே 210 மி.மீ. தரை இடைவெளி உண்டு. மூக்கு தட்டாமல் ஏறத் தொடங்கக்கூடிய கோணம் 37 டிகிரி, பின்பக்கம் தட்டாமல் இறங்கக்கூடியது 49 டிகிரி. 37 டிகிரிச் சரிவில் மூக்கை வைத்தால் கண்ணாடி வழியே வானம்தான் தெரியும். வண்டியின் திறன் தீர்வதற்கு முன்னால் ஓட்டுகிறவரின் தைரியம் தீர்ந்துவிடும்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் டிரெய்ல் என்றொரு பாதை இருக்கிறது. ஏறக்குறைய 35 கிலோமீட்டர், முழுக்கப் பாறை. இன்று அங்கே போகிறவர்கள் 35, 37 இன்ச் டயர் போட்டுக்கொண்டு போகிறார்கள். 1953-இல் அதே பாதையில் முதல் ஜீப் கூட்டுப் பயணம் நடந்தபோது ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜீப்கள் போயின. 60, 70 குதிரைத்திறன் எஞ்சின், ஒல்லியான டயர், லீஃப் ஸ்பிரிங், பவர் ஸ்டீயரிங் கிடையாது. பாதை அன்று இந்த அளவுக்கு அரித்துப் போயிருக்கவில்லை என்பது உண்மைதான். இருந்தாலும் அவர்கள் போனார்கள்.

வந்தபடியே ஓட்டுகிறவருக்குக் காசே ஆகாத ஒரு பெரிய மாற்றம் கையில் இருக்கிறது. காற்றை இறக்குவது. சாலையில் 32 பிஎஸ்ஐ இருக்கும் டயரை மணலில் 16, 18-க்கு இறக்கினால் அது தரையில் நீளவாக்கில் படுத்துக்கொள்ளும். தரையைத் தொடும் பரப்பு கூடுவதால் வண்டி புதையாமல் மேலேயே மிதந்து போகும். பாறையில் அதே டயர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கும். ஜல்லிப் பாதையில் 25 பக்கம் வைத்தால் உடம்பு குலுங்குவதே பாதியாகக் குறையும். காற்று குறைவாக இருக்கும்போது வேகமும் குறைய வேண்டும், சட்டென்று ஸ்டீயரிங்கை ஒடிக்கவும் கூடாது. ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். தார்ச்சாலை ஏறுவதற்கு முன் திரும்பக் காற்று அடித்தாக வேண்டும், ஆகவே ஒரு கம்ப்ரசர் தேவை. புதிதாக வந்த வண்டிகள் மணலில் சிக்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டு, காற்றை இறக்கியதும் தானாகவே வெளியே வந்தவை.

இன்னொரு லாபம் கற்றுக்கொள்வது. எளிய வண்டி உங்களை இறங்கி நடக்க வைக்கும். முன்னால் போய்ப் பார்ப்பீர்கள். டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இடவலச் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதி) உருண்டை அச்சின் எந்தப் பக்கம் தொங்குகிறது என்பது தெரிந்திருக்கும். கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடாமல் சக்கரத்தையே கல் மேல் ஏற்றுவது பழகும். வெளியே ஒருவர் நின்று கைகாட்ட, அவர் கையை நம்பி ஓட்டுவது பழகும். முடியாது என்று தெரிந்தால் ரிவர்ஸ் எடுத்து வருவதும் பழகும். பெரிய டயரும், இரண்டு சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் டிஃப் லாக்கும் உள்ள வண்டியில் இதையெல்லாம் செய்யாமலே பாதி தூரம் போய்விடலாம். மாட்டிக்கொள்ளும் இடம் மட்டும் ஊரிலிருந்து இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. சாலை டயரின் பக்கச்சுவர் மெல்லியது, கூர்மையான கல்லில் ஒரே கீறலில் போய்விடும். முன் பம்பரின் கீழ் உதடு பிளாஸ்டிக். பக்கவாட்டுப் படி அழகுக்கு வைத்தது, முதலில் மடிவது அதுதான். வண்டியைப் பிடித்து இழுக்கச் சரியான கொக்கி இல்லாத மாடல்களும் இருக்கின்றன. முற்றிலும் ஒன்றுமே செய்யாமல் ஓட்டலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரே மூச்சில் கட்டி முடிப்பது

படத்தில் நன்றாக இருப்பது இதுதான். வண்டியைக் கொண்டுபோய்ப் பட்டறையில் விடுகிறோம், ஆறு வாரம் கழித்து வேறொரு மிருகம் வெளியே வருகிறது. ஆறு வாரம் என்று சொன்னால் பன்னிரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய, சஸ்பென்ஷன் மூட்டுகளுக்கான ஒரு ரப்பர் புஷ் செட்டுக்காக என் வண்டி சக்கரம் இல்லாமல் ஜாக்கி ஸ்டாண்டில் நின்ற காலம் உண்டு. அந்தப் பருவத்து மழை முழுவதும் அதன் மேல் பெய்து முடிந்தது.

நேரத்தைவிடப் பெரிய சிக்கல், ஒரு மாற்றம் இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வருவது. டயரிலிருந்து தொடங்குவோம். 29 இன்ச் டயரை எடுத்துவிட்டு 31 போடுகிறீர்கள். விட்டம் இரண்டு இன்ச் கூடுகிறது, அச்சு உயர்வது அதில் பாதி, ஒரு இன்ச்தான். அந்த ஒரு இன்ச்சுக்கு வண்டி கொடுக்கும் விலையைப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 7 சதவீதம் கூடிவிட்டதால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையில் 107-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். 4.10 என்ற டிஃபரன்ஷியல் பல் விகிதம் 3.84 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும், கிளட்ச் அதிகம் தேயும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்குக் கூடுதல் தூரம் வேண்டும். சக்கரத்துக்கு 5 கிலோ கூடினால் ஸ்டெப்னியையும் சேர்த்து 25 கிலோ. அந்த ஸ்டெப்னி பின்கதவில் தொங்கினால் கதவுக் கீல் முனகத் தொடங்கும்.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் ஃபெண்டரில் உரசுகிறது. சரி, வண்டியை இரண்டு இன்ச் உயர்த்துவோம். இங்கே நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. இடவலச் சக்கரங்கள் ஒரே முழு அச்சில் இருக்கும் வண்டியில் சஸ்பென்ஷனை உயர்த்தினால் உடல்தான் மேலே போகும். டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், அதை உயர்த்த டயரால் மட்டும்தான் முடியும். உயர்த்துவதால் ஏறுகோணமும் நடுவயிறு தட்டாத கோணமும் கூடும் என்பது உண்மை. கூடவே முன் அச்சு கொஞ்சம் சுழன்று காஸ்டர் கோணம் குறையும். நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நேராக நிற்காமல் அலையும். அதைச் சரிசெய்ய வேறு கன்ட்ரோல் ஆர்ம் அல்லது புஷ் தேவைப்படும். அச்சு ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும், அதற்கு நீளம் மாற்றக்கூடிய டிராக் பார். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி ஒரு அதிர்வு வரும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் தனிச்சக்கர சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் சக்கரத்துக்கு விசை கடத்தும் சிவி ஜாயின்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறை முன்கூட்டியே கிழியும். இவ்வளவும் ஒரு இன்ச்சில் தொடங்கியது.

அடுத்தது எடை. முன்னால் இரும்பு பம்பர் 45 கிலோ, கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுத்து மீட்கும் வின்ச் 35, பக்கவாட்டு ராக் ஸ்லைடர் இரண்டும் 40, பின்பம்பரும் டயர் தாங்கியும் 50, கூரையில் ரேக் 30, அதன் மேல் கூடாரம் 60, இரண்டாவது பேட்டரி 20. ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். கூட்டினால் 280. சிறிய ஆஃப்ரோடு வண்டி ஒன்றின் மொத்தச் சுமைத்திறன் 300, 350 கிலோவுக்குள் முடிந்துவிடும். இன்னும் ஓட்டுநர் ஏறவில்லை, தண்ணீர் ஏற்றவில்லை. ஆவணத்தில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பை வெறும் சாமானாலேயே தொட்டுவிட்ட வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த எடையில் 90 கிலோ கூரை உயரத்தில் இருப்பதால் பக்கச்சரிவில் வண்டி சாயும்போது வயிற்றைப் பிசையும். இந்த உணர்வு பம்பர் வாங்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

ஒரே மூச்சில் செய்வதில் எனக்குப் பெரிய மனக்குறை வேறு. ஆறு சாமானை ஒன்றாக மாற்றியிருக்கிறீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் உதறுகிறது. யார் குற்றவாளி? டயர் பேலன்ஸா, டிராக் பார் போல்ட்டா, காஸ்டரா, ஷாஃப்ட்டா? ஒவ்வொன்றாக மாற்றியிருந்தால் நேற்று எதைத் தொட்டோமோ அதுதான். இங்கே மறுபடி பட்டறை, மறுபடி மூன்று வாரம். ஒயரிங் என்றால் இன்னும் மோசம். கூடுதல் விளக்கு, கம்ப்ரசர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் ஒருவர் இழுத்த ஒயர்களில் எது எந்த ஃபியூஸுக்குப் போகிறது என்பதை இருட்டில் டார்ச் பிடித்துத் தேடியிருக்கிறேன்.

இந்த வழிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கே போகப் போகிறோம், எத்தனை பேர், எவ்வளவு சுமை என்பது ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். முன்பே ஒரு வண்டி வைத்திருந்து பத்து வருடம் ஓட்டியவர், அடுத்த வண்டியை ஒரே மூச்சில் கட்டினால் அது சரியாகவே வரும். ஸ்பிரிங், ஷாக், டயர், பல் விகிதம் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த ஒரே கணக்கில் போடப்படும், கூலியும் ஒருமுறைதான். முதல் வண்டிக்காரருக்கு இது சூதாட்டம்.

ஓட்டிக்கொண்டே மாற்றுவது

நான் இப்போது இருக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதி எளியது. போன பயணத்தில் எது உங்களை நிறுத்தியதோ அதை மட்டும் மாற்றுங்கள். வயிறு தட்டியதா? சக்கரம் காற்றில் சுழன்றதா? டயர் கிழிந்ததா? இழுக்கக் கொக்கி இல்லையா? இரவில் கண் தெரியவில்லையா? எதுவுமே நிறுத்தவில்லை என்றால் அந்த மாதம் பெட்ரோலுக்குத்தான் காசு. இரண்டு மாற்றங்களுக்கு நடுவில் குறைந்தது ஒரு பயணமாவது இருக்க வேண்டும் என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட இன்னொரு கட்டுப்பாடு. அதை இரண்டு முறை மீறியிருக்கிறேன், இரண்டு முறையும் வருந்தினேன்.

முதல் பயணத்துக்கு முன்பே வாங்க வேண்டியவை சில உண்டு, இவற்றுக்கு அனுபவம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. முன்னும் பின்னும் எடை மதிப்பு குறித்த உறுதியான இழுவைக் கொக்கிகள், காற்று அளக்கும் கேஜ், கம்ப்ரசர், நீளும் வகை மீட்புப் பட்டை ஒன்று, பட்டையைக் கொக்கியோடு இணைக்கும் கயிற்று வளையமான மென் ஷேக்கிள் இரண்டு, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் போடும் பலகை ஒரு ஜோடி. இவ்வளவும் டிக்கியில் அடங்கும், வண்டியில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். டிரெய்லர் இழுக்கும் உருண்டைக் கொக்கியில் மீட்புப் பட்டையை ஒருபோதும் மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் பீரங்கிக் குண்டு போலப் பறக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

அடுத்து அதே அளவில் நல்ல ஆல் டெரெய்ன் டயர். அளவை மாற்ற வேண்டாம், ரகத்தை மட்டும் மாற்றுங்கள். சேற்றுக்கான மட் டெரெய்ன் டயர் பார்க்க முரட்டழகு. ஆனால் வருடத்தில் முந்நூறு நாள் தார்ச்சாலையில் போகும் வண்டிக்கு அந்த இரைச்சல் ஒரு தண்டனை, ஈரத் தார்ச்சாலையில் பிடிமானமும் குறைவு. அதற்கப்புறம் வயிற்றைக் காக்கும் ஸ்கிட் பிளேட், கதவடியைக் காக்கும் ஸ்லைடர். இவை போட்டதும் ஓட்டுகிறவருக்கு ஒரு துணிச்சல் வரும். தட்டினாலும் பரவாயில்லை என்று கல்லை மெதுவாகத் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொள்வார்.

இங்கே நிறுத்திவிட்டு ஒரு வருடம் ஓட்டச் சொல்வேன். நிஜமாகவே ஒரு வருடம், எல்லாப் பருவமும்.

ஒரு வருடத்துக்குப் பிறகும் வண்டி போதவில்லை என்றால் வரும் பெரிய விவாதம், உயர்த்துவதா டிஃப் லாக்கா என்பது. என் ஓட்டு லாக்குக்கு. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அனுப்பும். குறுக்குப் பள்ளத்தில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே வேண்டாம். ஆகவே தரையில் ஊன்றி நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அந்த ஒன்றுமில்லாததே போய்ச் சேரும். எஞ்சின் கத்தும், வண்டி நகராது. லாக் போட்டால் இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். பின் அச்சில் ஒரே ஒரு லாக், இரண்டு இன்ச் லிஃப்ட்டைவிட அதிக இடங்களில் உங்களைக் காப்பாற்றும். சாலையில் வண்டியின் குணமும் மாறாது. புதிய வண்டிகளில் பிரேக்கைப் பயன்படுத்தி இதே வேலையைச் செய்யும் டிராக்ஷன் கன்ட்ரோல் வருகிறது. அது கொஞ்சம் தாமதமாக விழித்துக்கொள்ளும், ஆனால் பொறுமையாகச் சீராக ஆக்சிலரேட்டர் கொடுத்தால் லாக் இல்லாத குறையில் பாதியைத் தீர்த்துவிடும். பலர் அது வேலை செய்யத் தொடங்கும்போது பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள்.

வின்ச், தனியாகப் போகிறவருக்கான சாமான். எப்போதும் இரண்டு மூன்று வண்டியாகப் போகும் கூட்டத்தில் எல்லோருக்கும் தனித்தனி வின்ச் எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை. வாங்குவதாக இருந்தால் சுமையோடு சேர்த்த மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண் உருளையின் முதல் சுற்றுக்கு மட்டும்தான் பொருந்தும், மேல் சுற்றுகளில் திறன் குறைந்துகொண்டே வரும். இரும்புக் கம்பிக்குப் பதிலாகச் செயற்கை இழைக் கயிறு என்றால் எடையும் குறையும், அறுந்தால் ஆபத்தும் குறையும்.

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்கல் பற்றி இரண்டு வரி போதும். எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் அது அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். ஸ்நார்கல் அதைத் தடுக்கும். ஆனால் கதவு, ஒயரிங், டிஃபரன்ஷியல் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன, ஆகவே அச்சின் காற்றுக் குழாய்களை மேலே ஏற்றாமல் ஸ்நார்கல் மட்டும் வைப்பது முகத்துக்கு மீசை வைப்பது போல.

இப்போது இந்த வழியின் ஓட்டைகள். கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும். ஸ்பிரிங்தான் சரியான உதாரணம். வெறும் வண்டிக்கு அளவெடுத்து லிஃப்ட் ஸ்பிரிங் போட்டேன். அழகாக நின்றது. அடுத்த வருடம் இரும்பு பம்பரும் வின்ச்சும் ஏறின. மூக்கு தொங்கிவிட்டது, லிஃப்ட் போன இடம் தெரியவில்லை. மறுபடி கனமான ஸ்பிரிங், மறுபடி கூலி, மறுபடி அலைன்மென்ட். கனமான ஸ்பிரிங்கை முதலிலேயே போட்டிருந்தால் அந்த ஒரு வருடமும் மாட்டுவண்டி போலக் குதித்திருக்கும். அதனால் கடைசியில் எவ்வளவு எடை, எந்த அளவு டயர் என்பதை முதல் நாளே தாளில் எழுதிவிட வேண்டும். கட்டுவது மெதுவாக இருக்கலாம். எடை ஏறும் சாமான்கள் எல்லாம் வந்த பிறகுதான் ஸ்பிரிங். டயர் அளவு முடிவான பிறகுதான் பல் விகிதம். வரிசை பிசகினால் காசு இரண்டு மடங்கு.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. படிப்படியாக என்பதற்கு முடிவே கிடையாது. "இன்னும் ஒரே ஒரு சாமான், அப்புறம் கிளம்பலாம்" என்று வண்டி எப்போதும் தொண்ணூறு சதவீதம் தயாராகவே நிற்கும். நான் 61 நாள் பட்டறைக்குக் கொடுத்தது இந்த வழியில் இருந்துகொண்டுதான், முதல் விதியை மறந்த காலத்தில்.

ஆலையிலேயே தயாராக வந்தது

இதைச் சொன்னால் கட்டுகிறவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் நேரம் இல்லாதவருக்கு இதுதான் நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஜீப் நிறுவனம் 2003 மாடலில் ரூபிகான் என்ற ரகத்தைக் கொண்டுவந்தபோது முன்பின் இரண்டு அச்சிலும் லாக், மெதுவாக அதிக விசையோடு ஊர்வதற்கான 4:1 லோ ரேஞ்ச் கியர், தடித்த அச்சுகள் எல்லாம் ஷோரூமிலிருந்தே வந்தன. 2007-இல், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் முன் ஆன்டி ரோல் பாரைப் பொத்தானால் விடுவிக்கும் வசதியும் சேர்ந்தது. இதையெல்லாம் வெளியே தனித்தனியாகச் செய்தால் எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டொயோட்டாவும் லேண்ட் ரோவரும் ஃபோர்டும்கூட இப்படிச் சில ரகங்களை விற்கின்றன. ஃபோர்டு பிரான்கோவில் 35 இன்ச் டயரோடு ஆலையிலேயே ஒரு தொகுப்பு வருகிறது.

இதன் மதிப்பு சாமானில் மட்டும் இல்லை. டயர், ஸ்பிரிங், பல் விகிதம், பிரேக், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தே பழகியவை. வாரண்டி இருக்கும். காப்பீட்டுக்காரரிடம் விளக்கம் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை சாவி வாங்கி ஞாயிற்றுக்கிழமை மலையேறலாம். போவது முதலில் கொடுக்கும் பெரிய தொகை. அப்புறம், இது நானே கட்டியது என்ற அந்தச் சின்னப் பெருமை. அதைச் சின்னது என்று நான் சொல்லிவிட்டேன், சிலருக்கு அதுதான் எல்லாமே.

வேறொருவர் கட்டி முடித்த பழைய வண்டியை வாங்குவதும் இதன் உறவுதான். செலவழித்ததில் பாதிகூட விற்கும்போது திரும்பாது என்பதால் வாங்குகிறவருக்கு லாபம். ஆனால் அடியில் படுத்துப் பாருங்கள். வெல்டிங் பிசிறு, டேப் சுற்றிய ஒயர், எந்த கம்பெனி என்று தெரியாத லிஃப்ட் கிட், பதிவில் ஏறாத மாற்றம் எதையாவது கண்டால் மரியாதையாகக் கைகுலுக்கிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டு வண்டி வழியைச் சட்டென்று முடித்துவிடலாம். அன்றாடத்துக்கு ஒரு சாதாரணக் கார், பாறைக்கு ஒரு பழைய முரட்டு வண்டி. பழையது பட்டறையில் எட்டு மாதம் நின்றாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் கவலை இல்லை. இடமும் இரண்டு காப்பீடும் தாங்கும் என்றால் மனநிம்மதிக்கு இதை மிஞ்சியது இல்லை. ஓடாமல் நிற்கும் வண்டியின் பேட்டரியும் ரப்பரும் தானாகக் கெடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதை யார் எடுப்பது

விலையை வைத்து ஒப்பிட்டால் இந்த வழிகளில் எது நல்லது என்று முடிவுக்கு வரவே முடியாது, ஆளாளுக்குப் பர்ஸ் வேறு. நாட்களை வைத்து ஒப்பிடுங்கள். வருடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் விடுமுறை நாட்களில் எத்தனையை வண்டிக்கு அடியிலும் எத்தனையை ஸ்டீயரிங்குக்குப் பின்னாலும் கழிக்க ஆசை? இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சைப் பிரித்துக் கோர்ப்பதில் காணும் சந்தோஷத்தை எந்த மலையுச்சியிலும் கண்டதில்லை. அவருக்கு வண்டி ஓடாதது ஒரு குறையே இல்லை. ஆனால் அந்த ஆசை உள்ளவர் வீட்டின் ஒரே வண்டியைப் பிரிக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டிய காலையில் முன்சக்கரம் இரண்டும் தரையில் கிடந்தால் வீட்டில் நியாயம் நம் பக்கம் இருக்காது.

மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் கிடைப்பவர் கட்டாமலே ஓட்டுவது அல்லது ஆலையில் கட்டியதை வாங்குவது என்ற இரண்டுக்குள் நின்றுகொள்ளலாம். எங்கே ஓட்டப் போகிறோம் என்றே இன்னும் தெரியாதவர், அதாவது முதல் வண்டிக்காரர், முதல் வருடம் மீட்புச் சாமானுக்கும் டயருக்கும் மேல் போக வேண்டாம். மணல் பிடிக்குமா பாறை பிடிக்குமா என்பது தெரிவதற்கே அவ்வளவு காலம் ஆகும், இரண்டுக்கும் கட்டும் வண்டி வேறு வேறு. நெடுந்தூரம், வாரக்கணக்கில், குடும்பத்தோடு, தண்ணீரும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு மட்டும் சஸ்பென்ஷனை ஆரம்பத்திலேயே சுமைக்கு ஏற்ப ஒருமுறை ஒழுங்காகச் செய்யச் சொல்வேன். அங்கே படிப்படியாக என்பது வீண் செலவு.

பயிற்சியை இந்தப் பட்டியலில் ஒரு சாமானாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டு நாள் பயிற்சிக்குக் கொடுக்கும் தொகை நல்ல டயர் ஒன்றின் விலைக்குப் பக்கத்தில் வரலாம். அது எடை ஏற்றாது, அடுத்த வண்டிக்கும் கூடவே வரும்.

ஒரு நடைமுறை விஷயம் பாக்கி இருக்கிறது. பயணத் தேதி குறித்தாகிவிட்டது என்றால் அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் எந்தப் புதுச் சாமானையும் மாட்டாதீர்கள். சஸ்பென்ஷனில் கை வைத்திருந்தால் முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த 500 பழக்கமான சாலையில், வீட்டுக்குப் பக்கத்தில் ஓடட்டும். எனக்கு வரும் 18-ஆம் தேதி ஒரு பயணம் இருக்கிறது. நண்பர் ஒருவர் கொடுத்த ஸ்நார்கல் அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது, போன வாரம் அதை இறக்கி அளவுகூடப் பார்த்தேன். ஃபெண்டரில் துளை போடும் இடத்தை மார்க்கரால் குறித்தும் விட்டேன். அப்புறம் துணியை நனைத்து அந்தக் குறியைத் துடைத்துவிட்டு, டயரில் காற்று பார்த்தேன்.